விதை எந்தக் காட்சியில் விழுகிறது?
கல்லூரி நாடகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சென்ற மாதம் நடந்த நாடகப் போட்டியில் நடுவர்களாக உட்கார்ந்திருந்த மூவரில் நானும் ஒருவன். காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை 11 நாடகங்கள் பார்த்தேன். முடிவு சொன்ன பிறகு உங்களில் சிலர் மேடைக்குப் பின்னால் வந்து, “சார், எங்க நாடகத்துல என்ன குறை?” என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் பஸ் பிடிக்கும் அவசரம். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினேன், அது போதவில்லை. அதனால்தான் இந்த மடல். பரிசு வாங்கிய குழுக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஒரு குழுவில் 12 பேர் தங்கள் உடம்பை மட்டுமே வைத்து ஒரு ரயில் பெட்டியைக் கட்டிக் காட்டினீர்கள். வண்டி வளைவில் திரும்பும்போது பன்னிரண்டு உடம்பும் ஒரே பக்கம் சாய்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்த 11 நாடகங்களில் ஒன்பது நாடகங்கள் ஒரே மாதிரி முடிந்தன. எல்லோரும் முன்னால் வந்து வரிசையாக நின்று, கை நீட்டி, ஒரு கருத்தைச் சொன்னீர்கள். குடிக்காதீர்கள், மரம் வெட்டாதீர்கள், செல்போனைக் கீழே வையுங்கள். நாங்கள் கை தட்டினோம். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் கருத்துகள் எல்லாம் நினைவிருக்கின்றன, ஒரு மனுஷர்கூட நினைவுக்கு வரவில்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு ஆளுக்கு ஒன்று வேண்டும். அது அவருக்குக் கிடைக்காமல் ஏதோ ஒன்று, பெரும்பாலும் இன்னொரு ஆளின் தேவை, குறுக்கே நிற்கிறது. அது நம் கண்ணெதிரே, இந்த நிமிடத்தில் நடக்கிறது. நாடகத்தின் உறுப்புகள் என்று பாடப்புத்தகம் சொல்கிற கதை, பாத்திரம், மோதல், உரையாடல், காட்சி எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. கருத்திலிருந்து தொடங்கினால் இவற்றில் ஒன்றும் முளைக்காது.

உங்கள் நாடகம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். குடிகார அப்பா. மகன் நடுமேடையில் நின்று மதுவின் தீமைகளை நான்கு நிமிடம் எடுத்துச் சொல்கிறான். அப்பா அழுகிறார், திருந்துகிறார். பேசிய தம்பிக்கு நல்ல குரல். ஆனால் அந்த நான்கு நிமிடமும் மேடையில் எதுவும் நடக்கவில்லை. அந்தக் குழு என்னைப் பிறகு ஒரு நாள் ஒத்திகைக்கு அழைத்தது. அங்கே எல்லோருமாகச் சேர்ந்து அதை மாற்றிப் பார்த்தோம்.

மேடையில் ஒரு அரிசி டின். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டிய நோட்டுகளை ஒரு கவரில் போட்டு, முழங்கை வரை அரிசிக்குள் விட்டுப் புதைக்கிறாள். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். (மகனை மகளாக்கினோம், அந்தக் குழுவில் இருந்த ஒரு தங்கைக்கு வாயைத் திறக்காமலே பேசும் முகம்.) வேலைக்குக் கிளம்பும்போது அம்மா, “நாளைக்குத்தான் பீஸ் கட்டக் கடைசி நாளு, மறந்துடாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். அப்பா உள்ளே வருகிறார். குடித்திருக்கவில்லை. குளித்துத் தலை சீவியிருக்கிறார்.

“சாப்பிட்டியா கண்ணு?”

“பசிக்கலப்பா.”

“காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலையாமே. இரு, நான் உலை வைக்கிறேன்.”

“வேணாம்பா. மாவு இருக்கு, தோசை ஊத்திக்கிறேன்.”

“மாவு புளிச்சிருக்கும். ஒரு ஆழாக்கு அரிசி போதும்.”

“நீ உக்காருப்பா. நான் வைக்கிறேன்.”

“உனக்கு நான் ஒரு நாள்கூடச் சோறாக்கிப் போட்டதில்ல. இன்னைக்காவது போடறேனே. எந்திரி கண்ணு.”

மகள் டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தப் பேச்சில் குடி என்ற சொல் இல்லை, பணம் என்ற சொல் இல்லை. எல்லாம் அரிசியைப் பற்றியே. ஆனால் பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியுமா? அப்பாவாக நடித்த தம்பி இதைத்தான் என்னிடம் கேட்டார். தெரிந்து வந்திருந்தால் அவர் தந்திரக்காரர். தெரியாமல் உண்மையிலேயே மகளுக்குச் சோறாக்க வந்திருந்தால், வாழ்க்கையில் அவர் செய்ய நினைத்த ஒரே நல்ல காரியத்தை மகள் மறித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, அதில்தான் வலி அதிகம். எதை எடுத்தாலும், குடி ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பது அந்த நான்கு நிமிடப் பேச்சைவிட இதில் ஆழமாக இறங்குகிறது.

மேடையில் ஆள் பேசுவது எல்லாம் ஒரே வகைப் பேச்சு இல்லை என்று நம் பழைய நூலோர் பிரித்து வைத்திருக்கிறார்கள். தனக்குள் பேசுவது உட்சொல், எதிரே இருப்பவரிடம் பேசுவது புறச்சொல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நோக்கிப் பேசுவது ஆகாயச்சொல். உங்கள் நாடகங்களில் இருந்தது பெரும்பாலும் நான்காவது வகை, சபையைப் பார்த்துப் பேசுவது. எதிரே அப்பா நிற்கும்போது மகன் ஏன் எங்களைப் பார்க்க வேண்டும்? மேலே எழுதியது முழுக்கப் புறச்சொல். மகளின் உட்சொல் அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

இந்தப் பிரிவு சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் வருகிறது. உ.வே.சாமிநாதையர் அந்த உரையோடு சிலம்பை 1892இல் அச்சிட்டார். அரங்கேற்று காதைக்கான உரையில் நாடகத்தின் உறுப்புகள் என்று 14 சொல்லப்படுகின்றன: பொருள், யோனி, விருத்தி, சந்தி, சுவை, சாதி, குறிப்பு, சத்துவம், அபிநயம், சொல், சொல்வகை, வண்ணம், வரி, சேதம். கிரேக்கத்து அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்குச் சொன்ன உறுப்புகள் ஆறு: கதையமைப்பு, பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி. அவர் கதையமைப்பைத்தான் முதலில் வைத்தார், காட்சியைக் கடைசியில் வைத்தார். தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்கிறீர்கள், செய்யுங்கள். ஆனால் நாடகம் எழுத உட்காரும்போது எனக்குக் கைகொடுப்பது அடியார்க்குநல்லாரின் பட்டியலில் நான்காவதாக வரும் சந்தி ஒன்றுதான்.

சந்தி ஐந்து: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். இவற்றை அவர் விளக்கும் முறையை முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். அவர் காட்டுவது நெல் வயலை. உழுது பண்படுத்திய புழுதியில் போட்ட விதை முளைப்பது முகம். முளை இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து, உள்ளே பொருள் பொதிந்து, கருவுற்று நிற்பது கருப்பம். கதிர் வெளியே வந்து, திரண்டு, முற்றித் தாழ்வது விளைவு. விளைந்ததை அறுத்துப் போரிட்டு, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

ஜெர்மானியரான குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடகத்தின் கட்டை ஒரு கூர்ங்கோபுரமாகப் பார்த்தார். ஏறி, உச்சி தொட்டு, இறங்குவது. பல வகுப்புகளில் கரும்பலகையில் வரைவது இந்தக் கோபுரத்தைத்தான். அதில் தவறில்லை. ஆனால் கோபுரத்தில் விதை இல்லை. முதல் காட்சியில் போட்டதுதான் கடைசிக் காட்சியில் அறுவடைக்கு வர வேண்டும் என்பதைக் கோபுரம் சொல்லாது, வயல் சொல்லும். நான் வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. “பயிர் தொண்டையில இருக்கு” என்று என் பெரியப்பா சொல்லுவார். வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி பச்சையாக நிற்கும். தாளைப் பிளந்து பார்த்தால் உள்ளே கதிர் நிறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் தண்ணீர் குறைந்தால் போச்சு, எல்லாம் பதர். அதுதான் கருப்பம். நாடகத்தின் நடுப்பகுதி அது. உங்கள் நாடகங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒரு குத்துப்பாட்டு வந்தது. நடுவில் சலிப்புத் தட்டுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, அதனால் பாட்டைக் கொண்டு வந்திருக்கிறீர்கள். சலிப்புக்குக் காரணம் நடுப்பகுதியில் இல்லை. முதல் காட்சியில் விதை விழவில்லை, அதனால் நடுவில் சூல் கொள்ள எதுவும் இல்லை.

சிலம்பையே எடுத்துப் பாருங்கள். அது காப்பியம்தான், ஆனால் கட்டு முழுக்க நாடகக் கட்டு. கோவலன் மாதவியோடு இருக்கும் காலத்தில், பிரிந்து கிடக்கும் கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்று கவி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். விதை. பொருள் எல்லாம் இழந்து கோவலன் திரும்பி வந்து வெட்கப்படும்போது, மாதவிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று வருந்துகிறான் போலும் என்று கண்ணகி நினைத்து, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். நாற்று. மதுரையில் அந்தச் சிலம்பில் ஒன்று பொற்கொல்லன் கைக்குப் போகிறது, அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவன் அவன். இதற்கு மேல் எதுவும் தானாக நிற்காது, தொண்டையில் கதிர் வந்துவிட்டது.

இப்போது அரசனைக் கவனியுங்கள். நாடக மகளிர் மேல் அவன் கண் போனதென்று அரசி ஊடி, தலை வலிக்கிறது என்று சொல்லி எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அந்தப்புரத்துக்கு விரைகிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து, காணாமல் போன சிலம்போடு கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அந்தச் சிலம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசியின் ஊடல் தீரும். ஆராயாமல் கட்டளை போகிறது. அரசன் கெட்டவன் இல்லை. மனைவியின் கோபம் தணிய வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. ஒரு நல்ல மனிதனின் சின்ன விருப்பம் ஒரு கொலையாகிறது. உங்கள் நாடகங்களின் வில்லன்கள் எல்லோரும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது இப்படி, நமக்கும் வரக்கூடிய ஒரு விருப்பம் இருந்ததா?

பிறகு வழக்கு. சிலம்பு உடையும் காட்சியை எல்லோரும் மேடையில் போடுகிறார்கள். நம் போட்டியிலும் ஒரு குழு போட்டது. கண்ணகி வந்தாள், ஆவேசமாகச் சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, அரசன் விழுந்தான். ஆனால் மூலத்தின் வரிசை அப்படி இல்லை. கண்ணகி முதலில், என் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன், எம்முடையது முத்து என்கிறான். அவன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் உடைப்பு. இந்த இரண்டு வாக்கியங்களும் உடைப்புக்கு முன்னால் வந்தால், தரையில் சிலம்பு படுவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் அவையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதில் ஒரு உயிர் தொங்குகிறது என்று. அவற்றை விட்டுவிட்டு உடைத்தால் அது வெறும் சத்தம். அந்தக் குழுவில் கண்ணகியாக நடித்த தங்கை அருமையாக நடித்தார். அவருடைய நடிப்பை வீணாக்கியது அந்த இரண்டு வாக்கியங்களை வெட்டிய கை. நேரம் போதவில்லை என்றீர்கள். போர்வீரர்களின் நடனத்தில் ஒரு நிமிடம் குறைத்திருக்கலாம்.

எது நடக்கிறது என்பதைவிட எது எதற்குப் பிறகு நடக்கிறது என்பதுதான் கதையமைப்பு. இதைப் பற்றி மேலும் படிக்க ஒரு புத்தகம் சொல்கிறேன். விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ 1926இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தனஞ்சயரின் தசரூபகம் என்ற வடமொழி நாடக இலக்கணத்தையும் ஒரே புத்தகத்தில் தமிழில் விளக்கிய முயற்சி. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். நடை கொஞ்சம் கடினம், ஆனால் நாடகம் எழுத நினைப்பவர்களுக்கு அந்தக் கடினம் தகும்.

முடிவு முன்பே தெரிந்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு தம்பி கேட்டார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள், போய்ப் பாருங்கள். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922இல். அவர் நாடகம் இன்னும் விடிய விடிய ஓடுகிறது. கடைசியில் வள்ளியை முருகன் மணப்பார் என்று மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். வேடனாக வருவதும், வேங்கை மரமாக நிற்பதும், கிழவனாகத் தள்ளாடுவதும் தெரியும். வள்ளி இந்த முறை எப்படி மடக்குவாள், முருகன் எப்படிச் சமாளிப்பார் என்பதற்காகத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு செய்தி. அந்த நடிகர்கள் ஒரு குழுவாக ஒத்திகை பார்த்தவர்கள் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்படுகிறார்கள். அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் உண்டு. ஆனாலும் நாடகம் சரியாமல் நிற்கிறது. வள்ளிக்குத் தினைப்புனம் காக்க வேண்டும், வந்தவனுக்கு அவள் வேண்டும். எலும்பு அவ்வளவு உறுதியாக இருந்தால், இருவரின் தர்க்கம் எந்தப் பக்கம் போனாலும் உடம்பு விழாது.

பாத்திரத்தை அறிமுகப்படுத்தும் விஷயம் ஒன்று பாக்கி. உங்களில் பலர் மைக்கில், “இது ஒரு அழகிய கிராமம், இங்கே ஒரு ஏழை விவசாயி வாழ்ந்து வந்தார்” என்று தொடங்கினீர்கள். தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். ஆள் தெரியாது. உள்ளிருந்து பாட்டு வரும், ஆட்டம் வரும், சபை தவித்துப் போகும். பிறகு திரை விலகும். கட்டியங்காரன் எதிரே வந்து, யாரய்யா நீர் என்பான். ராஜா தன் வாயாலேயே ஊரையும் பேரையும் வந்த காரியத்தையும் சொல்லுவார், நடுவில் கட்டியங்காரன் கேலி செய்வான். தகவல் முழுவதும் வந்துவிட்டது, ஆனால் தகவலாக வரவில்லை. ஒருவன் கேட்க, ஒருவன் பெருமையாகச் சொல்ல, இன்னொருவன் அதைக் குலைக்க வந்தது. நீங்கள் கூத்தையே போட வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் விவசாயியிடம் யாராவது எதையாவது கேட்கட்டும், பாங்க் கடன் வசூலிக்க வந்தவராவது கேட்கட்டும். அவர் யார் என்று எங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

சுவையைப் பற்றி ஒரு வார்த்தை. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. 20 நிமிட நாடகத்தில் 18 நிமிடம் அழுகை மட்டும் இருந்தால் எங்கள் கண் வற்றிப்போகிறது. இளிவரல் என்ற ஒன்றை நீங்கள் யாருமே தொடவில்லை. பிறர் முன்னால் சிறுமைப்பட்டு நிற்பது. கடன் கேட்கப் போன வீட்டில் வாசலிலேயே நிற்க வைக்கப்படுவது. மேடையில் அதற்கு வசனமே தேவையில்லை.

மேடை வசதி இல்லை என்ற குறையையும் கேட்டேன். மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரம் தருகிறது. 24 விரல் நீளமுள்ள கோலால் அளந்து 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒரு வகுப்பறையின் பாதிகூட இருக்காது. வாயில் இரண்டு. திரை மூன்று விதம். தூணின் நிழல் ஆடுகளத்தில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை வைத்தார்கள் என்றும் சொல்கிறது. நம் போட்டி நடந்த அரங்கில் விளக்குகள் ஏராளம் இருந்தும், முக்கியமான கட்டத்தில் ஒரு தம்பியின் முகத்தில் மைக் கம்பியின் நிழல் விழுந்துகொண்டிருந்தது. நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகர்ந்திருந்தால் போதும். ஒத்திகையில் விளக்கைப் போட்டு ஒரு தடவையாவது நடந்து பாருங்கள்.

கடைசியாக ஓர் அழைப்பு. சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும். பத்து நாளோ பதினெட்டு நாளோ, ஊரைப் பொறுத்தது. எல்லா நாளும் உங்களால் வர முடியாது. துகில் உரியும் இரவுக்கும் கடைசி நாள் படுகளத்துக்கும் மட்டுமாவது வாருங்கள். அந்த இரவில் திரௌபதி கூந்தலை அவிழ்த்துவிட்டு, துரியோதனன் இரத்தம் பூசாமல் இனி முடிய மாட்டேன் என்று சபதம் செய்வாள். படுகளத்துக் காலையில் மண்ணால் செய்த ஆள் உயரத்தைவிடப் பலமடங்கு பெரிய துரியோதனன் திறந்தவெளியில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். அதுவரை அவிழ்ந்து கிடந்த அந்தக் கூந்தலோடு ஊரே காத்திருந்திருக்கிறது.

துகில் உரியும் இரவில் ஒரு போர்வையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வாருங்கள், விடியும் வரை தரையில்தான் இருக்க வேண்டும். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் கீழே உட்காருங்கள், அங்கிருந்து பார்த்தால் நடிகர் திரைக்குப் பின்னால் நிற்கும்போது கால் எப்படித் தயாராகிறது என்று தெரியும். ஒரு மணிக்குத் தூக்கம் சொக்கும். அப்போது எழுந்து டீ குடித்துவிட்டு வாருங்கள், துச்சாதனன் வர இன்னும் நேரம் இருக்கும். அரிசி டின் நாடகத்தின் கடைசிக் காட்சியை எழுதி முடித்திருந்தால் அதையும் கையோடு கொண்டு வாருங்கள். இடைவேளையில் படித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் நடுவர்களில் ஒருவன்